கிட்டார் மரத்துளையை அடைக்க: எபாக்ஸியா, நுரைக்கல் தூளா?

ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஈட்டி மரம் (ரோஸ்வுட்), மஹோகனி என்றால் ஊசியால் கீறியதுபோல் துளைகள் தெரியும். அடைக்காமல் மெருகேற்றினால் வெளிச்சத்தில் பள்ளம் பள்ளமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நேரம்:
எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) – பழைய ஏடிஎம் அட்டையால் வழித்துப் பூசி, இறுகியதும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, இன்னொரு பூச்சு. சில நாட்களில் முடிந்துவிடும்.
நுரைக்கல் (பியூமிஸ் எனும் எரிமலைக் கல்) – தூளையும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கையும் துணிப் பொட்டலத்தால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்.

நிலைப்பு:
எபாக்ஸி – அவ்வளவாகச் சுருங்காது.
நுரைக்கல் – சில மாதங்களில் சற்று உள்வாங்கலாம்.

தோற்றம்:
எபாக்ஸி – மரத்தின் நிறத்தை ஆழமாக்கும். ஓரிடத்தில் அதிகம் தேய்த்து மரம் வெளிப்பட்டால் அங்கே திட்டாக வெளிறும். மீண்டும் பூசித்தான் சரிசெய்ய வேண்டும்.
நுரைக்கல் – தூள் மரத்தையே நுண்ணியதாக அராவி, அந்தத் துகளாலேயே துளையை அடைக்கிறது. இந்த அழகுக்கு ஈடில்லை. ஆனால் ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும்; வெள்ளை மேப்பிள் ஓரப்பட்டையில் ஏறினால் தலைவலிதான்.

செலவில் நுரைக்கல் மலிவு. எபாக்ஸி தோலுக்கு ஒவ்வாது, கையுறை கட்டாயம்.

லாக்கர் (வார்னிஷ் போன்ற பளபளப்புப் பூச்சு) அடிக்கப்போகும் ஸ்டீல் கம்பி கிட்டாருக்கும் முதல் முயற்சிக்கும் எபாக்ஸி. அரக்கு மெருகிடும் கிளாசிக்கல் கிட்டாருக்கு, பொறுமை இருந்தால், நுரைக்கல்.