தானே காற்று, ஃபெஞ்சல் வெள்ளம்: மரச்சட்ட வீடா, தளம் போட்ட வீடா?

கடலூர்ப் பக்கம் மரத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னால், "தானே புயல் அடிச்சப்ப நீங்க ஊர்ல இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலில் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூரை வீடுகள் பறந்தன. பிறகு குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று அரசே அறிவித்தது. மரம் தோற்றது, கான்கிரீட் ஜெயித்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவில் பாதிதான் சரி.

காற்றின் கணக்கைப் பாருங்கள். 140 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 90 கிலோ விசையோடு தள்ளும். கூரைமேல் ஏறி ஓடும்போது அதே காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். விளிம்பிலும் மூலையிலும் உறிஞ்சல் இன்னும் கூடும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ இருக்கும். தன் எடையிலேயே அது உட்கார்ந்துவிடும். சீமை ஓட்டுக் கூரைக்கு 40, 50 கிலோதான். தகர ஷீட் ஐந்தாறு கிலோ. இவை நிற்பதும் பறப்பதும் கட்டுமானத்தின் பிடிப்பைப் பொறுத்தது. கூரை போவது பெரும்பாலும் அதைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரம் முறிந்து அல்ல, ஆணி கழன்று. 70 கி.மீ. காற்றில் அசையாத கூரையை நம்பியிருக்கவும் கூடாது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும்.

வீடுகளை மரச்சட்டத்திலேயே கட்டும் அமெரிக்காவில் இந்தப் பாடம் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயலோடு வந்தது. தெற்கு ஃபுளோரிடாவில் கூரைப் பலகைகள் சரியாக அடிக்கப்படாததால் உரிந்து போயின. மரத்தைக் கைவிடாமல் விதியை அவர்கள் இறுக்கினார்கள்: ஆணிகள் நெருக்கமாக வேண்டும், கைமரத்தைச் சுவரோடும், சுவரைக் கடைக்காலோடும் இரும்புப் பட்டையால் விடாமல் பிணைக்க வேண்டும். நம் பக்கம் சுவர்மேல் கைமரத்தை வைத்து மேலிருந்து ஓர் ஆணி அடிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. நேராக மேலே இழுத்தால் ஆணி எளிதில் உருவிக்கொண்டு வரும். பட்டை போட்டுப் பக்கவாட்டில் அடித்தால் அதே ஆணி பல மடங்கு தாங்கும். செலவோ சொற்பம். ஒரு கூரை முழுக்கப் பட்டை போட ஆகும் செலவு, பறந்த ஓட்டை ஒருமுறை மாற்றும் செலவைவிடக் குறைவுதான் என்பது என் கணிப்பு.

புதுச்சேரித் தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த பழைய மச்சு வீடுகள் மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நிற்கின்றன. மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மேல்தளமான மெத்தை கனமானது, ஆகவே காற்றுக்கு அஞ்சாது. அதற்கு எதிரி மழை. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை ஈரத்தில் உளுத்துப்போகும். நனைந்து கனத்த மெத்தை அந்த முனையில்தான் இறங்கும்.

தண்ணீர் என்று வரும்போது நான் மரத்துக்கு வாதாட மாட்டேன். 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர் வரை ஊருக்குள் புகுந்தது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுவரின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் நின்றால், மீட்டர் நீளத்துக்கு 500 கிலோ விசை. மரவீடு இலேசானது, கடைக்காலோடு போல்ட் போட்டு முடுக்கவில்லை என்றால் மிதந்து நகர்ந்துவிடும். ப்ளைவுட்டும் ஜிப்சம் பலகையும் ஊறினால் பூஞ்சைதான். முழு மரப்பலகை மட்டும் காயவைத்தால் மீளும், அதையும் முழுசாகக் காயும் முன் மூடிவிடக் கூடாது. கான்கிரீட் வீட்டிலும் தண்ணீர் நுழையும், சாமான் போகும். ஆனால் மொட்டை மாடி இருக்கிறது. வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிட ஓர் இடம் என்பது எந்தக் கணக்கையும் விடப் பெரியது.

கான்கிரீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. கடலோரத்தில் உப்பு ஏறிக் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து தொங்கும் வீடுகள் நம் மீனவர் குப்பங்களில் உண்டு. மரத்துக்குக் கறையான் எப்படியோ, கான்கிரீட்டுக்கு உப்பு அப்படி. கறையானுக்காவது வழி இருக்கிறது: படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயை மரத்துக்கும் பூசலாம். துரு ஏறிய கம்பியைச் சரிசெய்வது பெரிய வேலை.

ஆகவே தென்பெண்ணை, கெடிலம் ஓரத் தாழ்வான மனையில் கீழ்த்தளம் கான்கிரீட்தான். பேஸ்மட்டத்தை முந்தைய வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேல் தூக்கி, மாடிக்கு ஏற நிலையான படியும் வையுங்கள். மேட்டு மனையில் ஓட்டு வீடும், ஏற்கெனவே உள்ள வீட்டின்மேல் ஓர் அறையும் மரச்சட்டத்தில் தாராளமாகக் கட்டலாம், பட்டை போடச் சம்மதிக்கும் தச்சர் கிடைத்தால். பழைய மச்சு வீட்டை இடிக்க நினைப்பவர்கள் முதலில் உத்திர முனைகளை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த முனையை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.