படத்தில் ஒளிந்த செய்தி: எஸ்ஆர்எம்மா, எஸ்ஆர்நெட்டா?

கோவை, பெருந்துறை பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு, ஒரு படத்தில் ரகசியச் செய்தி ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற தலைப்போடு வந்தால், எடுத்த எடுப்பில் கேட்பது, "எஸ்ஆர்நெட் போடலாமுங்களா சார்?" எஸ்ஆர்நெட் இந்த வேலைக்கென்றே செய்த நியூரல் நெட்வொர்க். நான் திருப்பிக் கேட்பது, அதைப் பழக்கத் தேவையான ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) உங்கள் லேபில் இருக்கிறதா என்று.

திருப்பூரில் துணியை விளக்கு மேல் ஓடவிட்டு செக்கிங் பார்ப்பவருக்கு, அதில் என்ன படம் பிரிண்ட் ஆகியிருக்கிறது என்பது பொருட்டில்லை. நூலோட்டத்தில் பிசகு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இங்கேயும் அப்படித்தான். பிக்சலின் மதிப்பில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ செய்தியை வைக்கிறார்கள். படத்தை விலக்கிவிட்டு, மிஞ்சும் இரைச்சலைப் பார்த்தால்தான் அது சிக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் ஜெசிகா ஃபிரிட்ரிச்சும் யான் கொடோவ்ஸ்கியும் 2012-ல் தந்த எஸ்ஆர்எம், மனிதர் வடிவமைத்த வடிகட்டிகளால் அந்த இரைச்சலைப் பிரித்து, ஒரு படத்துக்கு 34,671 எண்களாக ஆக்குகிறது. அந்த எண்களைப் பார்த்து முடிவு சொல்ல, பல சிறிய கணிப்பான்களின் வாக்கைச் சேர்க்கும் ஒரு என்செம்பிள் கிளாசிஃபையர் போதும். ஜிபியு வேண்டாம், சாதாரண கம்ப்யூட்டரே இழுத்துவிடும். ஆனால் எஸ்-யூனிவார்ட் மாதிரியான ஒளிக்கும் முறைகள், புல், மணல், இலை என்று சொரசொரப்பான இடமாகப் பார்த்துச் செய்தியைப் பதுக்கும். செய்தி சிறியது என்றால் எஸ்ஆர்எம் திணறும்.

2017-ல் வந்த யே-நெட் என்ற நியூரல் நெட்வொர்க் நடுவழி: முதல் அடுக்கை எஸ்ஆர்எம்மின் 30 வடிகட்டிகளோடு தொடங்கி, மீதியைத் தானே கற்கிறது.

எஸ்ஆர்நெட் வடிகட்டியையும் தானே கண்டுபிடிக்கிறது. முதல் அடுக்குகளில் பூலிங், அதாவது பக்கத்து மதிப்புகளைச் சராசரியாக்கிச் சுருக்குவது, கிடையாது. சராசரி எடுத்தால் நமக்கு வேண்டிய மெல்லிய தடயமே கரைந்துபோகும். துல்லியத்தில் எஸ்ஆர்எம்மைத் தெளிவாக முந்துகிறது. அதற்கு விலை, நாள்கணக்கில் ஓடும் பயிற்சி. சிறிய செய்தியை வைத்து நேரடியாகத் தொடங்கினால் கற்காமலே நின்றுவிடவும் கூடும். பெரிய செய்தியில் பழக்கி, அப்புறம் சிறியதற்கு இறங்க வேண்டும்.

ஜேபெக் படங்கள் மட்டும்தான் என்றால், இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் ஏற்கனவே பழகிய எஃபிஷியண்ட்நெட் என்ற நெட்வொர்க்கை எடுங்கள். 2020-ல் காகிள் இணையதளத்தில் நடந்த, ஒளிந்த செய்தியைக் கண்டுபிடிக்கும் அலாஸ்கா2 போட்டியில் முன்வரிசையில் நின்றவர்கள் அதைத்தான் நம்பினார்கள்.

என் முடிவு: ஜிபியு இல்லாத லேபுக்கு எஸ்ஆர்எம், இருந்தால் எஸ்ஆர்நெட். எதை எடுத்தாலும் எஸ்ஆர்எம் முடிவை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்நெட் அதற்குக் கீழே போனால் பயிற்சியில் ஏதோ தவறு.

பிள்ளைகள் சறுக்குகிற இடம் வேறு. எல்லோரும் பழக்குவது பாஸ்பேஸ் (BOSSbase) என்ற தொகுப்பின் 10,000 கறுப்பு வெள்ளைப் படங்களில். அவை ஏழு கேமராக்களில் எடுத்தவை. மருதமலையில் போனில் எடுத்த படத்தைக் கொடுத்தால் அதே மாடல் தடுமாறும், ஏனென்றால் அந்தப் போனின் இரைச்சலே வேறு. எந்தப் போனின் படங்களைச் சோதிக்கப் போகிறீர்களோ, அதில் எடுத்த சுத்தமான படங்களையும் பயிற்சியில் சேருங்கள். வாட்ஸப்பில் படமாக வாங்காதீர்கள். அது மறுபடி சுருக்கும்போது ஒளிந்திருந்த செய்தி பெரும்பாலும் அழிந்துவிடும். கேபிள் போட்டு எடுங்கள்.