ஓடைக் காட்டு ஈக்களுக்கு எது தோது: கைவலையா, கூடாரப் பொறியா, மஞ்சள் கிண்ணமா, வாளியா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் ஓடைக்கரைகளில் வெயில் தரை தொடாத இடங்கள் உண்டு. பாறை இடுக்கில் நீர் கசியும், பாசி காயாது, விழுந்த மரம் வருஷக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அரிய ஈ தேட அதுதான் இடம். ஆனால் ஒன்று: இங்கே பல ஈக்கள் அரியவையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், யாரும் போய்த் தேடாததுதான். அதனால் எந்த முறையில் பிடித்தோம் என்பதும் பதிவில் ஒரு பகுதி. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். தனியார் கிராம்பு, ரப்பர் தோட்டத்து ஓடை என்றால் உடைமையாளரிடம் கேட்க வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கைவலை. வளையம் 35 செ.மீ. விட்டம், பையின் ஆழம் அதற்கு இரண்டு மடங்காவது இருக்கட்டும்; அப்போதுதான் கைப்பிடியைத் திருப்பியதும் பை மடிந்து வாய் அடைபடும். கொசுவலைத் துணி வேண்டாம், சின்ன ஈ கண்ணி வழியே நழுவிவிடும். பட்டாம்பூச்சி பிடிப்பதுபோல் மேலே வீசினால் ஒன்றும் சிக்காது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பாசி, வேர், கசிவுப் பாறை ஓரமாக மெதுவாக ஓட்ட வேண்டும். வலையின் பகை ஈரம். நனைந்த துணியில் ஈ ஒட்டி இறகு சுருண்டுவிடும், பிறகு நரம்பைப் பார்க்கவே முடியாது. காலை பதினொன்றுக்கு மேல் இறங்குங்கள், மாற்றுப் பை ஒன்று கையில் இருக்கட்டும். அட்டைக்காகத் தேங்காய் எண்ணெயில் மூக்குப்பொடி குழைத்துக் காலில் பூசுகிறவர்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டே வலையைத் தொடவும். எண்ணெய் பட்ட இறகும் பாழ்தான்.

வலைக்குத் துணை உறிஞ்சு குழல். புட்டி மூடியில் இரண்டு குழாய். வாய் வைக்கும் குழாயின் உள்முனையில் மெல்லிய துணி கட்ட மறந்தால் ஈ தொண்டைக்குப் போகும். காம்புக்கண் ஈக்களில் சில இனங்கள் அந்தியில் ஓடைக்கரையில் தொங்கும் வேர் நுனிகளில் வரிசையாக வந்து அடையும். கண் மட்டுமல்ல, உணர்கொம்பும் காம்பின் நுனியருகே இருப்பது இவற்றின் அடையாளம். வேரிலிருந்து குழலால் உறிஞ்சி எடுத்தால், எங்கே உட்கார்ந்திருந்தது என்பதும் குறிப்பில் ஏறும். மற்ற பொறிகளில் இது தெரியாது.

கூடாரப் பொறி ரெனே மலேஸ் என்ற ஸ்வீடன்காரர் 1930களில் வடிவமைத்தது. நடுவில் கறுப்புத் துணிச் சுவர், மேலே வெள்ளைக் கூரை. சுவரில் முட்டிய ஈ மேலேறி, உயர்ந்த மூலையில் உள்ள புட்டிக்குள் விழும். ஓடைக்குக் குறுக்காகக் கட்டி, புட்டி உள்ள முனையை வெளிச்சம் வரும் பக்கம் திருப்புங்கள். புட்டியில் பாதி அளவு 70 முதல் 80 சதவீத ஆல்கஹால், வாரம் ஒருமுறை மாற்றம். மரபணு ஆய்வு நோக்கம் என்றால் 95 சதவீத எத்தனால் வேண்டும். வடிவம் மட்டும் பார்க்க மருந்துக்கடை ஐசோப்ரோபைல் போதும். எண்ணிக்கையில் இதை எதுவும் வெல்லாது. தொல்லையும் அதே அளவு: இழுகயிறு வழியாக எறும்பு ஏறி வந்து பிடிபட்டதைத் தின்னும் (கயிற்றில் கிரீஸ் தடவுங்கள்), புட்டி வாயில் சிலந்தி வலை பின்னும், காற்றில் விழும் கொப்பு துணியைக் கிழிக்கும், யானைத் தடத்தில் கட்டினால் மறுநாள் துணியே மிச்சமிருக்காது. ஒரு வாரப் பிடியைப் பிரித்து அடுக்கவே பல நாள் ஆகும். அதற்கு நேரம் இல்லாதவர் இதைத் தொட வேண்டாம்.

மஞ்சள் கிண்ணம் மலிவு. 5 செ.மீ. ஆழக் கிண்ணத்தில் தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஈ மூழ்கும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஒரு சாயங்கால மழையில் கிண்ணம் வழிந்து பிடிபட்டதெல்லாம் ஓடையோடு போகும். விளிம்புக்கு ஒரு விரல் கீழே துளையிட்டு மெல்லிய வலை ஒட்டுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் அழுகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மேலாகப் படுவது வாளி வளர்ப்பு. ஊறிய மரத்துண்டு, மரப்பொந்துச் சகதி, கசிவுப் பாசி இவற்றை மூடிய வாளியில் போட்டு, பக்கவாட்டில் துளையிட்டு ஒரு கண்ணாடிப் புட்டியைச் செருகுங்கள். வெளிவரும் ஈ வெளிச்சம் தேடி அதற்குள் வரும். நீர் அதிகமானால் பூஞ்சை, குறைந்தால் புழு சாகும். கையில் பிழிந்தால் ஒரு சொட்டு வரும் ஈரம் போதும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் வளர்ந்த பருவம் சில நாளே இருக்கும் ஈயை வலையோடு தேடி அலைவதைவிட இது மேல். எதில் வளர்ந்தது என்ற தகவலும் சேர்ந்தே கிடைக்கும். வெளிவந்த உடனே கொல்லாதீர்கள். உடல் கெட்டிப்படாத ஈ காய்ந்ததும் சுருங்கிவிடும். ஒரு நாள் உயிரோடு வைத்து, கூட்டுப்புழு உறையையும் அதனுடனே பத்திரப்படுத்துங்கள்.

இனம் காணப் படம் போதுமா, பிடித்த ஈயே வேண்டுமா என்ற வாதம் முடிவதில்லை. மலரில் நிற்கும் ஹோவர் ஈ பலவற்றை நல்ல படத்தில் சொல்லிவிடலாம். நெடுங்கால் கிரேன் ஈயில் முடியாது. முதுகில் V வடிவக் கோடு இருந்து, தலையுச்சியில் தனிக்கண் (பெரிய இரு கண் தவிர உள்ள சிறு கண்) இல்லையென்றால் கிரேன் ஈக் கூட்டம் என்று தெரியும். இனத்துக்கு ஆணின் பின்முனை உறுப்பைப் பார்த்தாக வேண்டும். வயிற்று நுனியை வெட்டி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு, சுடுநீரில் பத்து நிமிடம் வைத்து, கழுவி, கிளிசரினில் பாருங்கள். கூடுதலாக வெந்தால் எல்லாம் கண்ணாடியாகி விளிம்பே தெரியாது. இந்திய ஈக்களைப் பற்றிப் புருனெட்டி எழுதிய 1912, 1920, 1923 தொகுதிகள் இன்றும் தொடக்கத்துக்கு உதவும், பெயர்கள் பல மாறிவிட்டன என்ற நினைப்போடு.

ஹோவர் ஈயை ஆல்கஹாலில் போடாதீர்கள், மயிர் திரண்டு நிறம் மங்கும். ஊசியில் குத்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நாப்தலின் பூஞ்சையைத் தடுக்காது. ஆல்கஹால் புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள்: இடம், உயரம், நாள், பிடித்தவர், முறை. பால்பாயிண்ட் பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, வெற்றுத்தாள்தான் மிதக்கும்.