பினாங்கில் பழைய மைவி: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் முதல் சில மாதங்களை ராபிட் பினாங்கு பஸ்ஸிலும் கிராப் வாடகைக் காரிலும் ஓட்டிவிடலாம். பிள்ளைக்குப் பள்ளி தொடங்கிவிட்டால் கார் இல்லாமல் கஷ்டம். நாங்கள் 2022-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு பெரோடுவா மைவி வாங்கினோம். 2018 மாடல், 1.5 லிட்டர், ஆட்டோ கியர். விலை நாற்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்று மேல். இன்று வரை அதே கார்தான்.

வேலை பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கும் குடும்பம் காரை வாங்கும்போதே விற்கும் நாளையும் யோசிக்க வேண்டும். பாஸ் புதுப்பிக்கப்படவில்லை என்றால் சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் அபூர்வமான ஒரு காருக்கு ஆள் தேட முடியாது. மைவி 2005-லிருந்து இந்த நாட்டில் ஓடுகிறது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பார்ட்ஸ் உண்டு, வாங்கவும் எப்போதும் ஆள் உண்டு. அதிலும் 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறையைத்தான் குறிவைத்தோம். ஆசியான் என்கேப் என்னும் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, குழந்தை இருக்கையை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை இங்கே சட்டப்படி கட்டாயம்.

பார்க்கப் போனபோது எங்களுக்கு இருந்த பெரிய பயம் வெள்ளம்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். பினாங்கும் 2017 நவம்பரில் அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்ட ஊர். நனைந்த கார் துடைத்துப் பளபளப்பாகச் சந்தைக்கு வந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் நல்ல விலைக்கு ஒன்று கிடைத்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன், "தம்பி, சீட் பெல்ட்ட முழுசா இழுங்க" என்றார். அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தது. முன் சீட்டுக்குக் கீழே சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண். "போலாம் லா" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார். அவருக்குக் கொடுத்த கூலியைவிட நல்ல செலவு அந்த வருடத்தில் நாங்கள் செய்யவில்லை. வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பகோமின் சோதனை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது பெயர் மாற்றத்துக்கான சோதனை. எஞ்சின் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று அது சொல்லாது.

காகித வேலை நினைத்த அளவுக்குப் பயங்கரமில்லை. பாஸ்போர்ட், பாஸ், பழைய உரிமையாளரின் கெரான் (வாகன உரிமைப் பத்திரம்), அப்புறம் ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்து இலாகா. கெரானில் வங்கியின் பெயர் இருந்தால் அந்தக் கடன் அடையும் வரை முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கட்டாத சம்மன் (போக்குவரத்து அபராதம்) இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்றில்லை, ஆனால் ஜாமீன், கூடுதல் முன்பணம், பாஸில் மீதமிருக்கும் காலம் என்று பல கேள்வி வரும். நாங்கள் ரொக்கமாகக் கொடுத்து முடித்தோம்.

இன்சூரன்ஸில்தான் புதிதாக வருகிறவர்கள் திகைக்கிறார்கள். கிளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி காரோடு வராது, ஆளோடு போகும். பழைய உரிமையாளருக்கு 55 சதவீதம் இருந்தாலும் நமக்குப் பூஜ்யத்தில்தான் தொடக்கம். கிளெய்ம் எடுக்காமல் ஒரு வருடம் போனால் 25, இரண்டுக்கு 30, மூன்றுக்கு 38.33 சதவீதம். அதனால் முதல் வருடப் பிரீமியத்தைக் கார் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். இந்த ஊரில் அதை விடவே கூடாது.

ஓட்டிய அனுபவம்? சாலை வரி வருடத்துக்கு 90 வெள்ளிதான். பேட்டரி ஒருமுறை, டயர் ஒரு செட், பிரேக் பேடு. பெரிய செலவு எதுவும் வரவில்லை. நாலு கியர் ஆட்டோ என்பதால் பாலிக் பூலாவ் மலைச் சாலையில் ஏறும்போது எஞ்சின் கத்தும். நெடுஞ்சாலையில் மழை பிடித்தால் பின்சீட்டில் பேசுவது காதில் விழாது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருக்களில் நிறுத்த இதைவிடச் சௌகரியமான அளவு கிடையாது.

பெட்ரோல் கணக்கு மட்டும் மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோல் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசு, நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குச் சந்தை விலை. தொடக்கத்தில் அது 2 வெள்ளி 60 காசு. அந்த விலையில் 36 லிட்டர் டேங்க் நிரப்பினால் ஏறக்குறைய 22 வெள்ளி வித்தியாசம். இனி வாங்குகிறவர்கள் பெரிய எஞ்சினுக்கு ஆசைப்படும் முன் இதைப் பாருங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் வீடாக இருந்தால் மட்டும் மைவி போதாது. தைப்பூசத்துக்கு எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவும், விமான நிலையத்திலிருந்து பெட்டிகளை ஏற்றவும் எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் இன்னொரு வண்டி தேவைப்பட்டது. அப்படிப்பட்டவர்கள் ஏழு பேர் உட்காரும் பழைய பெரோடுவா அல்சாவைப் பாருங்கள். அதுவும் 1.5 லிட்டர்தான், அதையும் எல்லா மெக்கானிக்கும் அறிவார்கள்.