போரேஜும் கற்பூரவள்ளியும் ஒன்றல்ல: ஒரு விதைப் பாக்கெட் பற்றி

இணையக் கடை ஒன்றில் 149 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய போரேஜ் என்னும் வெளிநாட்டு மூலிகைச் செடியின் பாக்கெட்டில் 20 விதைகள் என்று அச்சிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 22 இருந்தன. மிளகைவிடச் சற்று நீண்ட, கருத்த, சொரசொரப்பான, நன்றாக முற்றிய விதைகள். விதையைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறை ஏதுமில்லை. குறையெல்லாம் பாக்கெட்டின் பின்புறத்தில் தமிழில் அச்சிட்டிருந்த நான்கு வரிகளில்தான் இருந்தது.

முதல் வரியே ‘போரேஜ் எனும் கற்பூரவள்ளி’ என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் கற்பூரவள்ளியை ‘இந்தியன் போரேஜ்’ என்று அழைக்கும் வழக்கம் இருப்பதால் வந்த குழப்பம் இது. கற்பூரவள்ளி துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தடித்த இலையைக் கசக்கினால் ஓமவாடை தூக்கும். ஒரு கிளையை ஒடித்து நட்டாலே ஆண்டுக்கணக்கில் நிற்கும். போரேஜ் மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த ஒரு பருவச் செடி. உடல் முழுவதும் வெள்ளை மயிர், இலையில் வெள்ளரிக்காயின் மணம், ஐந்து இதழ்களுடன் விண்மீன் போன்ற நீலப் பூ. கீழக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) செடியைப் பார்த்தவுடன், “இதென்ன தம்பி, கவிழ்தும்பை மாதிரியில்ல இருக்கு” என்றார். தாவரவியல் படிக்காத அவருடைய கண் சரியாகவே கண்டுகொண்டது. நம் கரையோரத் தரிசுகளில் வெளிர்நீலப் பூவைத் தலைகுனியத் தொங்கவிட்டு நிற்கும் கவிழ்தும்பைதான் போரேஜின் உண்மையான உறவுக்காரச் செடி. விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயர்க் குழப்பத்தைச் சொன்னபோது கிடைத்த பதில்: “ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

‘ஆண்டு முழுவதும் விதைக்கலாம், நாற்றுத்தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடவும்’ என்ற இரண்டாவது வரியை நம்பி, ஆவணி வெயிலில் 10 விதைகளைத் தட்டில் இட்டேன். நான்கு முளைத்தன, இடம் மாற்றிய மூன்றாம் நாளில் நான்கும் சாய்ந்துவிட்டன. போரேஜ் ஆணிவேர்ச் செடி என்பதால் வேரைத் தொந்தரவு செய்வதை அது பொறுக்காது. குளிர்ந்த வசந்தத்தில் வளர்ந்து பழகிய செடியைக் கச்சான்காற்று வீசும் மாதத்தில் இக்கரையில் விதைத்தது என் பங்கிற்கான தவறு. மீதி 12 விதைகளைக் கார்த்திகை முதல் வாரத்தில் ஆறு செடிப்பைகளில், பைக்கு இரண்டாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்றினேன். எட்டாம் நாளில் தொடங்கி ஒன்பது முளைத்தன. எல்லாப் பைகளிலும் குறைந்தது ஒரு செடியாவது இருந்ததால், வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கிவிட்டேன்.

கரையோர மண்ணில் இதை நேரடியாகத் தரையில் வளர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வீட்டுத் தரை வெறும் மணல். ஊற்றும் தண்ணீரும் உரமும் ஒருசேரக் கீழே இறங்கிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய ஆட்டுப்புழுக்கை என்று கலந்து, அடியில் துளையிட்ட பைகளில் நிரப்பினேன். உரத்தைக் கூட்டினால் இலை மட்டும் தழைத்துப் பூ குறைந்துவிடும் என்பதால் பிறகு எதுவும் இடவில்லை. ஒரு பைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் சுவை தெரிந்தவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே வாரத்தில் மண்ணின் மேல் உப்புப் பூத்து, இலை விளிம்புகள் கருகின. மற்றவற்றுக்கு மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும், அது தீர்ந்தபின் குழாயில் வரும் காவிரித் தண்ணீரும்தான். தண்டு உள்ளே கூடாக இருப்பதால் வாடைக்காற்றில் எளிதில் முறிகிறது. கருவேலங்குச்சி நட்டுப் பனைநாரால் தளர்வாகக் கட்டிவைத்தேன். அடைமழை நாள்களில் பைகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவைக்க வேண்டியிருந்தது.

தை மாதம் இரண்டாம் வாரத்தில் முதல் பூ விரிந்தது. புத்தகங்களில் மூன்றடி வரை சொல்லப்படும் செடி இங்கே ஒன்றரை அடியைத் தாண்டவில்லை. ஆனால் பூவில் கஞ்சத்தனம் இல்லை. மொட்டு இளஞ்சிவப்பாக அவிழ்ந்து நீலத்துக்கு மாறுகிறது. நடுவில் கறுப்பு மகரந்தப்பைகள் கூம்பாகக் குவிந்திருக்கும். காலை ஏழு மணிக்கே கொம்புத்தேனீக்கள் வந்துவிடும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாகத் தொங்கி ரீங்கரித்துக் குலுக்க, கூம்பின் நுனியிலிருந்து மகரந்தம் உதிர்வதைப் பார்க்க நான் தேநீர்க் கோப்பையுடன் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அருகில் வைத்திருந்த பாகற்கொடியும் இந்த வரவால் பயனடைந்திருக்கலாம். தோட்டத்துக்குத் தேனீயை அழைத்துவருவது ஒன்றுக்காகவே இச்செடியை வளர்க்கலாம்.

சமையலறைக்கு வருவோம். விரல்நீள இளந்தளிரைப் பொடியாக நறுக்கித் தயிர்ப்பச்சடியில் சேர்த்தால் வெள்ளரி போட்டது போலவே இருக்கிறது. முற்றிய இலையின் மயிர் நாக்கில் குத்தும். அத்தகைய இலையைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் மயிரின் உறுத்தல் போய்விடுகிறது, கூடவே மணமும் போய்விடுகிறது. பஜ்ஜிக்குக் கற்பூரவள்ளியை இது நெருங்கவும் முடியாது. காயவைத்தால் மணம் நிற்காது. பூவுக்குத்தான் மதிப்பு. கறுப்புக் கூம்பைப் பிடித்து மெல்ல இழுத்தால், மயிர் நிறைந்த பச்சைப் புல்லி செடியிலேயே தங்க, நீலப் பூ மட்டும் கையோடு வந்துவிடும். அதை எலுமிச்சைச் சாற்றில் மிதக்கவிட்டபோது புளிப்புப் பட்டு விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாக மாறியது. வீட்டுப் பிள்ளைகள் அதற்காகவே மூன்று நாள் எலுமிச்சைச் சாறு கேட்டார்கள். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் தண்டையே காய்கறியாகச் சமைக்கிறார்கள். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துப் பச்சைச் சட்னியில் சேரும் ஏழு கீரைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் பாக்கெட்டின் கடைசி வரியைச் சும்மா விட முடியாது. ‘சளி, இருமலுக்குக் குழந்தைகளுக்குத் தினமும் இலைச்சாறு கொடுக்கலாம்’ என்கிறது அது. கற்பூரவள்ளிக்கு உரிய வீட்டுப் பழக்கத்தை எடுத்து, பெயர் ஒன்று என்பதால் இதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். போரேஜ் இலையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் எனும் நச்சுப் பொருள்கள் சிறிதளவு உண்டு. நெடுநாள் தொடர்ந்து உட்கொண்டால் அவை கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. எப்போதாவது பச்சடியில் நான்கு தளிர் சேர்ப்பது வேறு, குழந்தைக்குத் தினசரி சாறு பிழிந்து கொடுப்பது வேறு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இலையைத் தவிர்ப்பதே முறை. இந்த ஒரு வரிக்காகவே நான் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் மட்டும் கொடுத்தேன். விதைக்கு மட்டும் என்றால் நான்கு கொடுத்திருப்பேன். வரியை நீக்கும்படி மின்னஞ்சல் அனுப்பி ஒன்றரை மாதமாகிறது. இணையப் பக்கத்தில் அது அப்படியேதான் இருக்கிறது.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் செடிகள் அடியிலிருந்து பழுக்கத் தொடங்கின. விதை முற்றிய கையோடு உதிர்ந்துவிடுவதால், பைகளுக்கு அடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தேன். நிழலில் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் போட்டது 130 விதைகளுக்குமேல் இருக்கும். இருபதைக் காகிதத்தில் மடித்து லாத்தாவுக்குக் கொடுத்தேன். மடிப்பின் மேல் ‘போரேஜ், ஐப்பசிக்குமேல் நேரடியாக ஊன்றவும், கசாயத்துக்கு அல்ல’ என்று எழுதியிருக்கிறேன்.