விறாந்தைக்கு மறைப்பு: கச்சான் காற்றையும் வாடைக்காற்றையும் தாங்கும் எது?

திருகோணமலையில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு வீட்டுக்குள் இருப்பது கொடுமை. பகல் முழுக்க வெயில் குடித்த கூரை அப்போதுதான் உள்ளே சூட்டை இறக்கும். விறாந்தைதான் கதி. ஆனால் ஒழுங்கைகள் நெருக்கமாகிவிட்டன, பக்கத்து வீடுகளுக்கு மேல்மாடி வந்துவிட்டது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் கடற்கரைக்குப் போகிறவர்கள் படலையைத் தாண்டித்தான் போகிறார்கள். இதனால் பல வீடுகளில் அம்மாக்களும் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே அடைந்து கிடக்கிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஆகவே என்ன மறைப்பு போடலாம் என்று பார்க்கும்போது ஒரு கேள்வியை முதலில் வைக்கிறேன்: ஆளின் கண்ணை மறித்துவிட்டுக் காற்றை அது உள்ளே விடுமா? காற்றையும் சேர்த்து மறித்தால் விறாந்தை இருந்தும் பயனில்லை.

பொருளைத் தேர்வதற்கு முன் உயரத்தைக் கணக்கிடுங்கள். விறாந்தைத் தரை முற்றத்தைவிட இரண்டடி உயரம் என்று வைப்போம். கதிரையில் இருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி, அதாவது நிலத்திலிருந்து ஆறடி. வீதியில் நடப்பவரின் கண் ஐந்தடியில் இருக்கும். எல்லையில் ஐந்தடி மதில் கட்டினாலும் உங்கள் தலை வெளியே தெரியும். அதே வேலையை விறாந்தை விளிம்பில் நிற்கும் நான்கடி மறைப்பு சரியாகச் செய்துவிடும். மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்வை வந்தால் நிலைமை வேறு: இருபதடி தள்ளியுள்ள மாடிக்கு, நடுவில் நிற்கும் மதில் பத்தடிக்கு மேல் உயர வேண்டும். யார் கட்டுவார்? அதற்குத் தலைக்கு மேலே பந்தல்தான் மருந்து. மறைப்பு ஆளுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு சிறிதாக இருந்தால் போதும். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கிடுகையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டால், விலையில் கிடுகு, வேகத்தில் தகரம். ஊறவைத்துப் பின்னிய தென்னோலை காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிய விடும், சூட்டை வைத்திருக்காது, பார்க்கவும் நம் ஊர்போல் இருக்கும். ஆனால் மாரி ஒன்று கடந்தாலே உக்கத் தொடங்கும், அடி நிலத்தில் பட்டால் கறையான் ஏறும். நிலத்திலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால் ஆயுள் கூடும். மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் வரண்ட காலத்தில், காய்ந்த கிடுகுக்கு நெருப்புப் பொறி ஒன்றே போதும் என்பதால் அடுப்படிப் பக்கம் வேண்டாம். முன்பு வேலி அடைப்பது ஆண்டுதோறும் ஊரே சேர்ந்து செய்த வேலை. இப்போது ஓலையும் அருமை, பின்னுகிற கையும் அருமை.

தகரத்தை ஒரே நாளில் அடித்து முடிக்கலாம். ஆனால் இது கடல் மூன்று பக்கம் சூழ்ந்த பட்டினம். உப்புக்காற்று ஆணி அடித்த ஓட்டையில் தொடங்கித் தகட்டைத் தின்னும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது இரவு முழுக்கத் தடதடப்பு. பகலில் வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது நினைவிருக்கும். அப்படியொரு காற்றில் கழன்ற தகரம் யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அவசரத்துக்கு, பின்கோடிக்கு, சரி. விறாந்தைக்கு நான் தகரத்தைச் சொல்லவே மாட்டேன்.

மதில்தான் பலருக்கு ஆசை. கள்வர் பயத்துக்கும் மாடு ஆடு புகாமலிருக்கவும் மதிலை மிஞ்ச எதுவுமில்லை, மறுக்கவில்லை. ஆனால் முழு மதில் காற்றை நிறுத்திவிடும், அல்லது மேலால் ஏறவிட்டு முற்றத்தில் சுழலாக இறக்கும். பகலில் குடித்த சூட்டை இரவில் விடும். கரையோர மணல் நிலத்தில் அத்திவாரத்தை ஒழுங்காகப் போடாவிட்டால் வெடிப்பு வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் வடிந்து போகிற தண்ணீரையும் அது மறிக்கும், அடியில் துவாரம் விடாத மதிலுக்குள் முற்றம் குளமாகும். வீதியோரம் கட்டுவதானால் உள்ளூராட்சி மன்றத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் பூக்கல் இருக்கிறதே! துளை வைத்து வார்த்த சீமெந்துக் கல். அதே மேசன், அதே சீமெந்து, ஆனால் காற்று உள்ளே வரும். சாய்வாகப் பார்ப்பவருக்குத் துளைகள் மூடியதுபோல் தெரியும். நேர் எதிரே நிற்பவருக்கு மட்டுமே உள்ளே கொஞ்சம் தெரியும். கீழே இரண்டடி சாதாரண கல், மேலே இரண்டடி பூக்கல் என்று விறாந்தை விளிம்பில் கட்டினால் காற்றும் உண்டு, மறைவும் உண்டு. கட்டுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

நிழல் வலையும் மூங்கில் தட்டியும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு. இரண்டையும் கழற்றிக்கொண்டு போகலாம். வலை மலிவு, உக்காது, காற்றுக்குப் பயமில்லை. ஆனால் பகலில் நன்றாக மறைக்கும் வலை இரவில் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் மற்றவருக்குத் தெரியும். விறாந்தை விளக்கைப் போட்டதும் உள்ளே இருப்பவர்கள் வீதிக்குப் படமாகிவிடுவார்கள். விளக்கை மறைப்புக்கு வெளிப்புறம், முற்றத்தை நோக்கி வையுங்கள். தட்டியிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் ஈர்க்கு நெருக்கமாக இருந்தால் குறைவு. தட்டியின் பெரிய வசதி சுருட்டலாம் என்பது. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசப்பெருமான் நகர்வலம் வரும்போது நிறைகுடம் வைத்துவிட்டுத் தட்டியைச் சுருட்டினால் விறாந்தையே வீதிக்குத் திறந்துவிடும். மதிலிடம் அதைக் கேட்க முடியாது. வடகிழக்கிலிருந்து மழையோடு வாடை அடிக்கும் காலத்தில் மட்டும் கழற்றி உள்ளே வையுங்கள், நனைந்து பூஞ்சணம் பிடித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இடமுள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது கதியால் வேலி. கிளிசரியாவோ பூவரசோ, தடியை வெட்டி ஊன்றினால் வேர் விடும். இலை காற்றை முழுக்க நிறுத்தாது, வேகத்தை மட்டும் உடைக்கும். கச்சானோடு வரும் புழுதியைப் பிடிக்கும். அதனூடாக வரும் காற்று உடம்புக்கு இதமாக இருக்கும். மற்ற எல்லாம் நாளாக நாளாகப் பழுதாகும், இது மட்டும் நாளாக நாளாக அடரும். கடலுக்குக் கிட்டவென்றால் பூவரசு, உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். உள்ளே, பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் கிளிசரியா வேகமாக வரும். வெட்டிய குழையை ஆட்டுக்குப் போடலாம், மரத்தடியில் பசளையாகப் புதைக்கலாம். கிளிசரியாவை வெட்டாமல் விட்டால் வரண்ட காலத்தில் இலை கொட்டி வெறுந்தடியாக நிற்கும், மறைப்புத் தேவைப்படும் நேரத்தில் மறைப்பு இருக்காது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கத்தரித்தால் இலை நிற்கும்.

செவ்வரத்தை அழகுதான். ஆனால் கோட்டைப் பக்கமும் டச்சு விரிகுடாப் பக்கமும் இருப்பவர்களுக்கு மான் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே கூட்டமாக மேயும் புள்ளிமான்கள் எட்டுகிற தளிரை விடாது. அங்கே முள்ளுள்ள போகன்வில்லா நல்லது, உப்பையும் வரட்சியையும் தாங்கும். மேல்மாடிப் பார்வைக்குப் பந்தல் போட்டுக் கொடித்தோடை விடுங்கள், நிழலோடு பழமும் கிடைக்கும்.

கதியால் அடர ஒரு மாரியாவது வேண்டும். அதுவரை உட்புறம் நிழல் வலை கட்டிக்கொள்ளலாம், வேலி அடர்ந்ததும் கழற்றலாம். மேற்கு பார்த்த வீட்டில் கச்சான் வரும் பக்கம் செடியும், கிழக்கே கடற்காற்று வரும் பக்கம் சுருட்டும் தட்டியும் என்று பிரித்தால் இரண்டு காலத்துக்கும் சரிப்படும். தடி ஆறடி நீளம், கைப்பிடிக்குள் அடங்கும் முதிர்ந்த கொப்பு. ஐப்பசியில் முதல் நல்ல மழை மண்ணை நனைத்த பிறகு, ஒன்றரை அடி ஆழத்தில், ஓரடிக்கு ஒன்றாக ஊன்றி, குறுக்கே ஒரு வரிச்சு கட்டிவிடுங்கள்.