ஆற்றுப் பாதையா, கடல் பாதையா? டெல்டாவில் கூடாரத்தோடு ஒரு நாள்

திருச்சியிலிருந்து காலையில் கிளம்பி, கூடாரமும் சின்ன கேஸ் அடுப்புமாக ஒரு பகலும் ஓர் இரவும் டெல்டாவில் கழிக்க நினைக்கும் குடும்பத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று கல்லணை, திருவையாறு, கும்பகோணம் என்று காவிரியை ஒட்டியே போவது. மற்றது தஞ்சாவூர், மன்னார்குடி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆற்றுப் பாதைதான் என்பேன், அதுவும் ஆடியில். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். சில வருஷம் தள்ளிப் போகும். தண்ணீர் வந்துவிட்டால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று ஆறு பிரிவதைக் கல்லணைப் பாலத்திலேயே நின்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். மதகுப் பக்கம் குளிக்க இறங்கவே கூடாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையாகப் பார்த்து இறங்குங்கள். பதினெட்டாம் பெருக்கன்று போனால் படித்துறையெல்லாம் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் மணக்கும். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

இரவுக்கு எங்கே? ஆற்று மணல் கண்ணை இழுக்கும், ஆனால் வேண்டவே வேண்டாம். மேலே உபரி நீரைத் திறந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் வந்துவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகளையே அடித்துக்கொண்டு போன தண்ணீர் அது. தென்னந்தோப்பும் சரிவராது, மட்டையும் காயும் எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல இடம் நெல் அடிக்கும் களம்தான். ஆடியில் குறுவை இன்னும் வயலில் நிற்பதால் களம் காலியாகக் கிடக்கும். "அண்ணே, ஒரு ராத்திரி தங்கிக்கலாமா?" என்று பொழுதிருக்கும்போதே போய்க் கேளுங்கள். சிமெண்டுத் தரையில் முளை இறங்காது. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்களே, அதனால் நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய கேன்களைக் கட்டிவிடுங்கள். பக்கத்தில் பம்பு செட் ஓடினால் காலைக் குளியலுக்குப் பிள்ளைகளை எழுப்பவே வேண்டாம்.

கடல் பாதைக்குக் காலம் தை, மாசி. கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்தையும் காட்டுக் குதிரைகளையும் பார்க்கலாம். உப்பங்கழியில் பூநாரைகள் இருக்கும். வழியில் அகஸ்தியம்பள்ளியில், 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியதன் நினைவுத் தூண் நிற்கிறது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான். பைனாகுலர் பிடிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பகல் டெல்டாவில் கிடையாது.

சிக்கல் இரவில்தான். சரணாலயத்துக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் போட முடியாது. கடற்கரை மணலிலோ காற்றுக்கு முளை நிற்காது. வனத்துறை விடுதியில் முன்கூட்டியே இடம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேதாரண்யத்துக்குத் திரும்ப வேண்டும். வழியில் களத்தில் தங்கலாம் என்றால், அப்போது சம்பா அறுவடை. களம் முழுக்க நெல். ஆக, கூடாரம் டிக்கியிலேயே கிடக்கும். குடிதண்ணீரையும் வேதாரண்யத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு பாதையுமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கூடாரம் போட உலர்ந்த தரையே கிடைக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்ததும் இந்த நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம்தான்.